உறவுக்கூற்றே அலகு: யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களையும் கல்வெட்டுகளையும் எண்ணிமமாக்கல்

ஈழத்தமிழரின் குடும்ப வரலாற்றை எழுத முனைவோர்க்கு அச்சில் கிடைக்கும் சான்றுகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, வீரகேசரி (1930), தினகரன் (1932), ஈழநாடு (1959), உதயன் (1985) முதலிய ஏடுகளில் வெளிவந்த மரண அறிவித்தல். மற்றது, 31ஆம் நாள் அந்தியேட்டியை ஒட்டி உறவினர்க்கு வழங்கப்படும் நினைவு மலர். யாழ்ப்பாணத்தார் இதைக் கல்வெட்டு என்பர். இவற்றை ஒளிவருடிப் படமாகச் சேமித்து, இறந்தவரின் பெயரை அட்டவணையில் ஏற்றினால் பணி முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது போதாது. அறிவித்தலில் உள்ள ஒவ்வொரு உறவுக்கூற்றும் தனிப் பதிவாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பணியின் அவசரத்தை யாழ்ப்பாணத்தின் அண்மைய வரலாறே உணர்த்தும். 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரியூட்டப்பட்டது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் குடாநாட்டு மக்கள் வீட்டு ஆவணங்களை விட்டுவிட்டே வெளியேற நேர்ந்தது. கல்வெட்டோ விலைக்கு வராத வெளியீடு. பெரும்பாலும் வீட்டு அலுமாரிகளிலேயே தங்கிவிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இவற்றைத் திரட்டி எவரும் படிக்கத்தக்கதாக்கியிருப்பது பெரும் பணி. அடுத்த படி பற்றிப் பேச முடிவதே அப்பணியால்தான்.

பெயர் அட்டவணை மட்டும் ஏன் பயன் தராது? குடும்பப் பெயர் என ஒன்று தலைமுறைதோறும் தொடரும் சமூகங்களில் பெயரைத் தேடினால் குலம் கிடைக்கும். தமிழரிடையே தந்தையின் பெயரே முன்னெழுத்தாகிறது. மகனின் பெயர் பேரனின் முன்னெழுத்தாகிறது. திருமணத்தின்பின் பெண்ணின் முன்னொட்டு கணவர் பெயராகிறது. கந்தையா, செல்லையா, பொன்னம்மா போன்ற பெயர்கள் ஓர் ஊரின் ஒரே தலைமுறையில் பலருக்கு உண்டு. இராசதுரை, ராஜதுரை என எழுத்தும் மாறும். ஒருவரை இன்னார் எனத் துணிவதற்கு ஊர், பெற்றோர், வாழ்க்கைத்துணை ஆகிய மூன்றும் சேர வேண்டும். மரண அறிவித்தல் இம்மூன்றையும் ஒருசேரத் தருகிறது.

வழக்கமான அறிவித்தல் ஒன்றின் கட்டமைப்பை நோக்குவோம்: “நல்லூரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் நேற்று செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற அ, ஆ தம்பதியரின் கனிஷ்ட புதல்வியும், இ, ஈ தம்பதியரின் அன்பு மருமகளும், காலஞ்சென்ற உ அவர்களின் பாசமிகு மனைவியும் ஆவார்.” அ, உ இருவரும் இந்த அறிவித்தலுக்கு முன்பே இறந்தவர்கள் என்பது தெளிவு. ஆவும் இறந்துவிட்டாரா? ‘காலஞ்சென்ற’ என்ற அடை முதற்பெயரோடு நின்றுவிடுகிறதா, இருவரையும் தழுவுகிறதா என்பதை அச்சு வரி தனித்துச் சொல்வதில்லை. ‘நேற்று’ என்பதோ பத்திரிகைத் திகதி தெரிந்தாலன்றிப் பொருள் தராது. திகதி இல்லாமல் வெட்டி ஒட்டிய நறுக்குகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றை ஏட்டின் மூல இதழோடு பொருத்திய பின்பே இறப்பு நாளைப் பதிய வேண்டும்.

கல்வெட்டில் இத்தகைய சிக்கல் வேறு வடிவில் வரும். அதன் திதி வெண்பா ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் தரும். ஆண்டுத் திவசத்துக்குத் திதி வேண்டும் என்பதால் எழுந்த மரபு இது. ஆனால் துந்துபி என்றால் 1922இல் தொடங்கிய ஆண்டும் ஆகலாம், 1982இல் தொடங்கியதும் ஆகலாம். அச்சக விபரமும் வம்சாவளிப் பக்கமும் சேர்ந்தே அதைத் தீர்க்கும். வெண்பாவைச் சமயப் பகுதி எனத் தட்டச்சிடாது விடுவது, நூலின் காலச் சான்றையே விடுவதாகும்.

வம்சாவளி மென்பொருள்கள் பெரிதும் பின்பற்றும் கெட்கொம் வடிவம் 1980களில் அமெரிக்காவில் உருவானது. கணவன், மனைவி, பிள்ளை என்ற குடும்ப அலகே அதன் அடித்தளம். நம் அறிவித்தல் மைத்துனர், சகலன், சம்பந்தி, பெறாமக்கள் எனப் பக்கவாட்டில் விரிகிறது. மைத்துனர் என அடுக்கப்பட்ட பத்துப் பேரில் மனைவியின் உடன்பிறந்தாரும் இருப்பர். உடன்பிறந்தாளின் கணவரும் இருப்பர். மாமன் மகனும் இருப்பர். ஊகித்து மரத்தில் பொருத்தினால் பிழை பரம்பரையாகத் தொடரும். ஆகவே பதிவு மூன்று அடுக்குகளில் அமைய வேண்டும்: பக்கத்தின் படம்; எழுத்து மாறாத படி; அதிலிருந்து பெறப்பட்ட உறவுக்கூற்று. மூன்றாம் அடுக்கில் ஒவ்வொரு கூற்றும் எந்த வரியிலிருந்து வந்தது, யார் துணிந்தது என்ற குறிப்பைச் சுமக்க வேண்டும். உறுதியற்ற இடத்தில் ‘மைத்துனர்’ என்றே நிறுத்துவதுதான் நேர்மை.

அச்சில் வந்தது முழு உண்மையன்று என்பதும் கருதத்தக்கது. கட்டணம் செலுத்தியவரே அறிவித்தல் கொடுத்தார். வசதியற்றோர் பலர் அதில் இல்லை. குடும்பம் ஏற்காத மணம் புரிந்த பிள்ளையின் பெயர் விடப்பட்டிருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோருக்கு அறிவித்தலே இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட எத்தனையோ பேருக்கும் இல்லை. ஆதலால் பட்டியலில் பெயர் இல்லாமையை ஒருவர் இல்லாமைக்குச் சான்றாக்கக் கூடாது.

வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. ஓர் அறிவித்தலில் இறந்தவர் ஒருவர், உயிரோடிருப்போர் பலர். பெயரோடு வாழும் நாடும் அடைப்புக்குறிக்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி இறந்தோர் தரவுக்குப் பொருந்தாது. அங்கு வாழும் உறவினர் தரவுக்குப் பொருந்தும். ஒருநாள் ஏட்டில் கண்ட பெயரும் என்றும் தேடக் கிடைக்கும் பெயரும் ஒன்றல்ல. எனவே இறந்தோர் பதிவைத் திறந்துவைத்து, உயிரோடிருப்போர் பதிவை மூடிவைப்பதே முறை. உறவுக்கூற்றுகளைத் தனித்தனியே பதிந்தால் இப்பிரிப்பு எளிது. பக்கப் படத்தை மட்டும் வெளியிட்டால் இயலாது. எதிர்வாதம் இம்முறையை மேலும் வலுப்படுத்தவே செய்கிறது.

இதிலிருந்து பணியின் வரிசையும் தெளிவாகிறது. ஒளிவருடல் முடிந்தபின் விளக்கம் தேடுவதே இன்றைய வழக்கம். கிடைத்த அறிவித்தலை உடனே அக்குடும்பத்து மூத்தோரிடம் எடுத்துச் சென்று, எந்த மைத்துனர் எவ்வழி மைத்துனர் எனக் கேட்டுப் பதிய வேண்டும். கவனமாகப் பேணினால் தாள் இன்னும் சில பதிற்றாண்டுகள் தாங்கும். அத்தாளை விளக்கக்கூடிய தலைமுறையோ எண்பதைக் கடந்துவிட்டது. அவர்களிடம் கேட்பதே முதல் வேலை.