எல்லையறியா ஈமக்கற்கள்

அல்சூர் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் கூடும் தமிழர்கள் பேசுவது பெரும்பாலும் தத்தம் ஊரைப் பற்றியேயாகும். ஒருவருக்கு ஊர் வேலூர், மற்றொருவருக்குத் தருமபுரி, இன்னொருவருக்கோ பாட்டனார் விட்டு வந்த ஊரின் பெயர் மட்டுமே நினைவில் நிற்கிறது. எந்த மண் நம்முடையது என்னும் வினா பிறமாநிலங்களில் வாழும் நம் நெஞ்சில் என்றேனும் ஒருநாள் எழாமற் போவதில்லை. அவ்வினாவுக்கு ஏடுகள் விடை கூறுமுன் கற்கள் சில விடை கூறுகின்றன. அவற்றைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய்வோம்.

ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் செல்லும்போது, இருமருங்கிலும் மொட்டைப் பாறைக் குன்றுகளைக் காண்கிறோம். அக்கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் என்னும் ஊரின் குன்றின்மேல் கல்லால் ஆன சிறு வீடுகள் போன்றவை பல நிற்கின்றன. பலகைபோற் பிளந்த கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லைக் கூரையாக இட்டிருக்கிறார்கள். சுற்றிலும் தலைப்பகுதி வளைவாகச் செதுக்கப்பட்ட கற்கள் வட்டமாக நடப்பட்டுள்ளன. இவற்றைக் கல்திட்டைகள் என்பர் அறிஞர். இவை இறந்தோர்க்காக எழுப்பியவை.

ஈமக்கல் அமைப்பு ஒருவகையன்று. நிலத்தின்மேல் அமைந்தது திட்டை. நிலத்துள் பெட்டிபோற் புதைந்தது பதுக்கை. உருண்டைக் கற்களை வளையமாக அடுக்கியது கல்வட்டம். தனியே ஓங்கி நிற்பது நெடுங்கல். கல் அரிதான ஆற்றுச் சமவெளிகளில் பெரிய மட்கலமாகிய முதுமக்கள் தாழி அப்பணியைச் செய்தது. திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர் இதற்குச் சான்று. அங்கு 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர்.

கட்டியவர் யாவர் என்பதை மறந்த பிற்கால மக்கள் தமக்குத் தோன்றிய பெயர்களை இட்டனர். தமிழ்நாட்டில் பாண்டவர் குழி என்றும், குள்ளர் வீடு என்றும் வழங்கினர். கன்னட நாட்டில் கொப்பள மாவட்டத்து ஹிரேபெணகல் குன்றை மோரியர் மலை என்றனர். அம்மலையில் ஏறத்தாழ 400 ஈமச்சின்னங்கள் உள்ளன. பாறைமேல் அமர்த்திய முரசு போன்ற பெருங்கல் ஒன்றும் அங்குண்டு, தட்டினால் ஒலிக்கும். 2021-இல் இவ்விடம் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

இவற்றைக் கண்ட ஐரோப்பியர் தம் நாட்டை நினைத்து வியந்தனர். பிரான்சின் கார்னாக்கில் ஆயிரக்கணக்கான நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அயர்லாந்தின் நியூகிரேஞ்சு சமாதியுள், மாரிக்காலத்தின் மிகக் குறுகிய பகலில், உதயஞாயிற்றின் கதிர் நேரே புகுகின்றது. சுரபுரத்தில் அலுவல் பார்த்த மெடோஸ் டெய்லர், தக்காணத்துச் சின்னங்களைக் கெல்டியருடையன, துரூயிதருடையன அல்லது சிதியருடையன என்றே தலைப்பிட்டு எழுதினார். ஆயின் பிற்கால ஆராய்ச்சி அவ்வுறவை ஏற்கவில்லை. நியூகிரேஞ்சு கி.மு. 3200-ஐ ஒட்டியது, அதனை எழுப்பியோர் உலோகம் அறியாதவர். நம் நாட்டு ஈமக்குழிகளிலோ இரும்பு வாளும் ஈட்டியும் கிடைக்கின்றன. இறந்தோரை மறவாத நெஞ்சமும் கையருகே நல்ல கல்லும் இருப்பின், ஒருவரையொருவர் அறியாத மக்களும் ஒத்த செயலைச் செய்வர் என்பதே இதனால் பெறப்படும்.

மண்ணுள் மறைந்திருந்ததை முறையாக வெளிக்கொணர்ந்தது 1947-இல் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரியில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு. நான்கு பலகைக் கற்களை ஒன்றையொன்று தாங்குமாறு சுவத்திகை வடிவில் நிறுத்தி, ஒரு கல்லில் வட்டத் துளையிட்டிருந்தனர். உள்ளே எலும்புகளும், கருப்பு-சிவப்பு மட்கலங்களும், இரும்புக் கருவிகளும் இருந்தன. அதே கருப்பு-சிவப்புக் கலமும் அதே துளையும் ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணலிலும் காணப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது.

இம்மரபு குழிகளோடு முடியவில்லை. தாழியிற் கவித்தலையும் நடுகல் எழுப்புதலையும் புறநானூறு பேசுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் உள்ளன. நாம் வாழும் இந்நகரின் பெயரைப் பழமையாகத் தாங்கி நிற்பதும் ஒரு வீரக்கல்லே. கி.பி. 890-ஐ ஒட்டிய பேகூர்க் கன்னடக் கல்வெட்டு, பெங்களூர்ப் போரில் மாண்டவனைக் குறிக்கின்றது. தமிழர் நடுகல் என்றதைக் கன்னடர் வீரகல்லு என்றனர். நட்ட கைகளின் எண்ணம் ஒன்றே.

ஆகவே இக்கற்களைக் காட்டி, இம்மண் எமதே என்று நாமும் கூறுவதற்கில்லை, பிறரும் கூறுவதற்கில்லை. மாநில எல்லை வகுக்கப்படுவதற்கு மிக முன்னரே, மல்லசந்திரத்திலும் பிரமகிரியிலும் வாழ்ந்தோர் ஒத்த முறையில் தம் இறந்தோரைப் போற்றினர். ஓசூருக்கு அப்பாலும் இப்பாலும் நாம் அந்நியர் அல்லர் என்பதற்கு இதனினும் அமைதியான சான்று வேறில்லை.

ஆனால் இச்சான்றுகள் அழிந்து வருகின்றன. கல்லுடைப்போர் பலகைக் கற்களைப் பெயர்க்கின்றனர். புதையல் தேடுவோர் குழிகளைக் கலைக்கின்றனர். அவர்களுக்குக் கிட்டுவதோ பெரும்பாலும் எலும்பும் உடைந்த பானையும் துருவேறிய இரும்புமே. உழுநிலமும் வீட்டுமனையும் எஞ்சியவற்றை விழுங்குகின்றன. பெங்களூரின் வானூர்தி நிலையச் சாலையிலுள்ள சிக்கஜாலாவும், மாகடியை அடுத்த சாவனதுர்க்கமும் இத்தகைய ஈமச்சின்னங்களால் ஆய்வாளர் அறிந்த இடங்களே.

விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஒன்று செய்யலாம். நம் ஊர்ப்புறத்தில் பாண்டவர் குழியென ஒன்று இருப்பின், அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஒரு கல்லையும் அசைக்காதிருப்போம். எவரேனும் பெயர்ப்பின் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்போம். பெயரறியா அம்முன்னோர் தம் இறந்தோர்க்குச் செய்த கடனை, நாம் அவர்களுக்குச் செய்தல் தகுமன்றோ?