திருப்பதியும் பன்றி இனவிருத்தியும்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயிலில் பயணம் செய்யும் நேயர்கள் அரக்கோணம், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா என்ற வரிசையை நன்கு அறிவார்கள். அவ்வழி நெடுகிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சித்தூர் ஜில்லா, 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. திருத்தணிப் பகுதி 1960-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. திருப்பதி 2022-இல் தனி ஜில்லாவாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறிய இந்நிலப்பகுதியில் ஒரு விஞ்ஞானப் பணி அமைதியாக நடந்து வந்திருக்கிறது. அது பன்றி இனவிருத்தியைப் பற்றியது. சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் பலருடைய பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால் சிறிது பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

இப்பகுதியில் பன்றி வளர்ப்பை வழிவழியாகக் கைக்கொண்டவர்களுள் எருக்கலர் முக்கியமானவர். அவர்களுடைய மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடையது என்பர் மொழிநூலார். கூடை முடைவதும் பன்றி வளர்ப்பதும் அவர்கள் தொழில். சித்தூர் ஜில்லா பிறந்த அதே 1911-இல் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களில் பல குழுவினரைப் பிறவிக் குற்றவாளிகளாக எழுதி வைத்தது. அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல்தான். திருமலையில் வராகமூர்த்தியை வணங்கிய பின்னரே வேங்கடவனை வணங்குவது மரபு. அவ்வாறு தெய்வ வடிவாகப் போற்றப்படும் விலங்கை வளர்த்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியதும் நாம்தான்.

திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-இல் தொடங்கப்பட்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970-71-இல் பன்றிகளுக்கென அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தை வகுத்தபோது, முதல் நிலையங்களுள் ஒன்றாகத் திருப்பதியும் அமைந்தது. இங்கிலாந்தின் பெரிய வெள்ளை யார்க்ஷயர் இனத்தை நாட்டுப் பன்றியோடு கலந்து, முக்கால் பங்கு வெள்ளையும் கால் பங்கு நாட்டினமுமாக டி-17 என்ற கலப்பினத்தை இங்கு உருவாக்கினர். 2005-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

நல்ல இனம் கிடைத்துவிட்டது. அதை ஏழையின் கொட்டிலுக்கு எவ்வாறு கொண்டு செல்வது? இரண்டு மூன்று பெட்டைகளை வைத்திருப்பவர் ஓர் உயரினக் கிடாவுக்கு ஆண்டு முழுதும் தீனி போட முடியாது. கிடாவை வீடு வீடாக ஓட்டிச் சென்றால் நோயும் கூடவே செல்லும். செயற்கை முறைக் கருவூட்டலின் தேவை இங்கேதான் எழுகிறது.

அதன் வரலாறு சுவையானது. 1780-இல் ஸ்பல்லன்சானி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு பெட்டை நாய்க்கு விந்தைச் செலுத்தினார். அறுபத்திரண்டு நாட்களில் அது மூன்று குட்டிகளை ஈன்றது. நம் நாட்டில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் அவர்கள் பசுக்களுக்கு இம்முறையைக் கையாண்டார். 1949-இல் லண்டனையடுத்த மில்ஹில் ஆய்வுக்கூடத்தில், சீட்டு மாறிய ஒரு புட்டியின் தயவால், கிளிசரின் கலந்தால் உறைபனியிலும் விந்தணு பிழைக்கும் என்று போல்ஜ் என்பாரும் அவருடைய தோழர்களும் கண்டனர். காளையின் விந்து அதன்பின் உலகெங்கும் பயணம் செய்தது.

பன்றி மட்டும் இசையவில்லை. பன்றி விந்தணுவின் மேற்சவ்வில் கொலஸ்டிரால் விகிதம் குறைவு. வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே விரைவாக இறங்கினால் அது சிதைந்துவிடும். அளவும் ஒரு தடை. பசுவுக்கு உறைந்த குழல் ஒன்றில் இரண்டு கோடி அணுக்கள் போதும்; பெட்டைப் பன்றிக்கு வேளைக்கு முந்நூறு கோடி வேண்டும், அதுவும் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிலிட்டர் திரவத்தில். உறைந்த பன்றி விந்தால் குட்டிகள் பிறந்தது 1970-ஐ ஒட்டித்தான். போல்ஜிடம் பயின்ற இயான் வில்மட் இப்பொருள் பற்றியே 1971-இல் பட்ட ஆய்வு எழுதினார். 1996-இல் டாலி என்ற ஆட்டைப் படியெடுத்த குழுவின் தலைவர் அவரே. ஆயினும் உறைந்த விந்தால் சினை பிடிப்பதும் குட்டிகளின் தொகையும் குறைவாதலால், இன்றளவும் பெரும்பாலும் திரவ நிலையிலேயே பயன்படுத்துகின்றனர்.

மரத்தாலோ இரும்பாலோ ஆன பொய்ப் பெட்டையின் மீது கிடாவை ஏறப் பழக்கி, கையுறை அணிந்த கையால் விந்தைச் சேகரிப்பர். ஒரு முறை 200 மில்லிலிட்டருக்கு மேலும் கிடைக்கும். இடையே வரும் பசைப் பகுதியை மெல்லிய துணியால் வடித்து நீக்கி, அணுக்களின் அசைவையும் வடிவையும் எண்ணிக்கையையும் நுண்ணோக்கியில் பார்ப்பர். தேறியதைக் கரைசலில் கலந்தால் பத்துப் பெட்டைகளுக்கு மேல் பங்கிடலாம். ஆங்கிலத்தில் 'எக்ஸ்டெண்டர்' என வழங்கும் இக்கரைசல் அளவையும் பெருக்குகிறது, ஆயுளையும் நீட்டுகிறது. 'காப்புக் கரைசல்' என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இவற்றுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் பர்செல், ஜான்சன் இருவரும் 1975-இல் வெளியிட்டது. உறைந்த விந்தை இளக்குவதற்கென அவர்கள் செய்ததை, உலகம் உறையாத விந்தைக் காப்பதற்கு எடுத்துக்கொண்டது!

இக்கரைசலில் விந்து மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். ஆனால் 17 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில் அறையின் சூடும் ஆகாது; சாதாரணக் குளிர்ப்பெட்டியின் குளிரும் ஆகாது. கிடாவுக்கும் வெயில் பகை. பன்றிக்கு வியர்த்துத் தணியும் வசதி மிகக் குறைவு. கடும் வெப்பத்தில் விந்தணுக்கள் குறைந்து வடிவங்கெடும். அக்கேடு ஐந்தாறு வாரம் தொடரும். ஆகவே சித்திரை வெயிலின் தீங்கு ஆனி மாதச் சேகரிப்பிலும் தெரியும். கொட்டிலுக்கு நிழலும் தண்ணீர்த் தெளிப்பும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு இணையான தேவைகள்.

2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்த பிறகு, கிடாவை ஊர் ஊராக ஓட்டாதிருப்பதன் பயன் மேலும் விளங்கிற்று. எனினும் நோயுற்ற கிடாவின் விந்திலும் கிருமி இருக்கக்கூடும். கிடாவைச் சோதிக்காமல் புட்டியை நம்புதல் கூடாது.

புட்டி வந்து சேர்ந்தபின் வேலை வளர்ப்பவருடையது. சினைப் பருவம் இரண்டு மூன்று நாட்களே நிற்கும். பெட்டையின் முதுகில் கையை ஊன்றி அழுத்தும்போது அது காதை விறைத்து அசையாமல் நின்றால் வேளை வந்துவிட்டது என்று பொருள். எருக்கலர் வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்தே அறிவார்கள். பயிற்சிக்கு வரும் பட்டதாரிக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அன்று ஒரு முறையும் மறுநாள் ஒரு முறையும் செலுத்தினால், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாளில் குட்டிகளை எதிர்பார்க்கலாம்.