மச்சான் என்ற முறைப்பெயரும் பெங்களூரு ஹிப்ஹாப்பும்

2000களின் பிற்பகுதியில் பெங்களூரில் உருவான ஹிப்ஹாப் குழு ஒன்று தனக்கு 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்' என்று பெயரிட்டுக்கொண்டது. புரோதா வி, ஸ்மோக்கி த கோஸ்ட் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் 1987இல் தோன்றிய என்.டபிள்யூ.ஏ. குழுவின் பெயரை அடியொற்றியது இது என்பது ஹிப்ஹாப் கேட்பவர்க்கு உடனே விளங்கும். பெயரிலுள்ள மூன்று சொற்களில் இரண்டு அமெரிக்காவிலிருந்து வந்தவை. முதற்சொல் எங்கிருந்து வந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பெங்களூரு ஹிப்ஹாப்பின் வரலாறு பொதுவாகத் தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலவழிக் கல்லூரி, இணையம் ஆகியவற்றின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. முதற்சொல்லைப் பின்தொடர்ந்தால் அதைவிட மிகப் பழைய வரலாறு ஒன்றை எதிர்கொள்ள நேரும்.

மச்சான் என்பது முறைப்பெயர். மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், மாமன் அல்லது அத்தையின் மகன் எனத் திருமண உறவால் இணைந்த அல்லது இணையக்கூடிய ஆண்களைக் குறிக்கும். இதனோடு உறவுடைய மைத்துனன் என்ற சொல் ஆண்டாளின் 'வாரணமாயிரம்' பதிகத்தில் கண்ணனைக் குறிக்க வருகிறது. கன்னடத்தில் அதற்கு இணையாக வழங்குவது 'மைதுன'. ஆகவே 'மச்சா' கன்னடத்தின் தன்வழக்கு அன்று; அது தமிழிலிருந்து பெங்களூரின் தெருப்பேச்சுக்குள் நுழைந்த வடிவம்.

அவ்வடிவத்தின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. தொல்காப்பிய விளிமரபின்படி ஆன் என முடியும் பெயர் விளியில் திரியாது நிற்கும். னகர ஈற்று முறைப்பெயராயின் ஏகாரம் பெறும். இவ்விதிகளின்படி 'மச்சான்' அல்லது 'மச்சானே' என்றுதான் விளி அமைய வேண்டும். பேச்சுத்தமிழில் இறுதி னகரம் கெட்டு, முன்னுள்ள ஆகாரம் மூக்கொலி பெறுகிறது. பெங்களூரில் அம்மூக்கொலியும் நீங்கி வெறும் 'மச்சா' ஆயிற்று. குழுவின் பெயரில் அதன்மேல் ஆங்கிலப் பன்மை ஏறியது. 'மச்சான்மார்' என்ற வடிவத்துக்கும் 'மச்சாஸ்' என்ற வடிவத்துக்கும் இடையே கூட்டல் குறைத்தல் மட்டும் நிகழவில்லை. முன்னதில் உறவுமுறை இருக்கிறது. யார் யாருக்கு மச்சான் என்று கேட்க இயலும். பின்னதில் அக்கேள்விக்கு இடமில்லை.

இச்சொல் பெங்களூருக்கு வந்த வழி ஓரளவு தெளிவானது. 1809இல் பிரித்தானியப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறித் தண்டு என வழங்கும் கண்டோன்மென்ட்டை அமைத்தது. படையினரோடு சமையற்காரர், குதிரைக்காரர், கட்டடத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், வணிகர் எனத் தமிழ் மாவட்டங்களிலிருந்து, சிறப்பாக வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து, பெருந்திரளானோர் வந்தனர். 1864இல் சோலையார்பேட்டை வழியாகப் புகைவண்டித் தொடர்பு கிடைத்தபின் இவ்வரத்து பெருகியது. அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் ஆகியவை தமிழ் ஒலிக்கும் பகுதிகளாயின. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கச் சுரங்கத்தைத் தொடங்கியபின் அங்கும் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். கண்டோன்மென்ட்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949இல்தான். அதுவரை நெடுங்காலம் தனி ஆட்சியின் கீழ் இருந்த பகுதியின் பேச்சுவழக்கு, இணைப்புக்குப்பின் நகரமெங்கும் பரவ வாய்ப்புக் கிடைத்தது.

பெங்களூரில் நிகழ்ந்தது வேறிடங்களிலும் நிகழ்ந்துள்ளது. சிங்களத்தில் 'மச்சாங்' நண்பரை விளிக்கும் அன்றாடச் சொல். மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும்கூட 'மச்சா' என்பர். தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் படைமுகாமுக்கும் தமிழ் உழைப்பாளர் சென்ற இடங்களில் அவர்களுடைய மொழி முழுமையாக ஏற்கப்படாமல் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் தம்முள் ஒருவரையொருவர் அழைத்த சொல்லைப் பக்கத்திலிருந்தவர் எடுத்துக்கொண்டனர்.

தமிழ் ஹிப்ஹாப்பின் வரைபடம் இச்சொல்லின் வரைபடத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வெளிவந்து, தமிழ் ராப் திரைப்படத்துக்கு வெளியே தனித்து நிற்க இயலும் என்று காட்டியது. ஈழத்திலிருந்து இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த எம்.ஐ.ஏ., 2005இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்குத் தம் தந்தையின் இயக்கப்பெயரான 'அருளர்' என்பதையே சூட்டினார். 2007இல் வெளிவந்த அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்', பிரித்தானியப் பங்க் குழுவான த கிளாஷின் பாடல் ஒன்றின் இசைத்துணுக்கின்மேல் கட்டப்பட்டது. மும்பை தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு 2018இல் 'காலா' படத்தின் வழியே பரவலாக அறியப்பட்டது. இவையெல்லாம் குடிபெயர்ந்தோரின் இடங்களிலிருந்து எழுந்த பதிவுகள்.

பெங்களூரு மட்டும் இவ்வரைபடத்தில் வேறுபடுகிறது. சொல் அங்கே ஆழ வேரூன்றியும், நகரத்தின் பெயர் பெற்ற பதிவுகளில் தமிழ் முதன்மை மொழியாகவில்லை. புரோதா வியின் 'ஆத்ம ராமா' 2012இல் வெளிவந்தது. அதன் ராப் பகுதி ஆங்கிலத்திலும் பல்லவி வடமொழி இராமபஜனையாகவும் அமைந்தன. அவருடைய 'ஐகிரி நந்தினி'யும் அதே அமைப்புடையது. ஆல் ஓகே, சந்தன் ஷெட்டி முதலியோர் கன்னட ராப்பைப் பெருந்திரளிடம் கொண்டுசேர்த்தனர். 2024இல் ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23ஆம் இடம்வரை சென்றது. கேரளத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, பெங்களூரில் கலைஞரானவர் அவர், பாடல் ஆங்கிலம். ஆக, வாதிடுவதற்கு ஆங்கிலம், வழிபடுவதற்கு வடமொழி, மண்ணுரிமைக்குக் கன்னடம், அழைத்துக்கொள்வதற்குத் தமிழ் என்றொரு பகுப்பு உருவாகியுள்ளது.

இப்பகுப்புக்கு அரசியற் பின்னணி உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. பல குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. அவ்வாண்டில் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட வேண்டிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. எழுத்தாகவும் சிலையாகவும் திரைப்படமாகவும் தமிழ் பொதுவெளியில் தோன்றியபோதெல்லாம் அது பூசலுக்கு உள்ளாகியது. அதே ஆண்டுகளில் 'மச்சா' என்ற விளி எவ்வகைத் தடையுமின்றிக் கன்னடர், மலையாளி, வடஇந்தியர் அனைவர் நாவிலும் ஏறியது. விளிக்கு எழுத்தில்லை, பலகையில்லை, திறப்பு விழா இல்லை. தமிழ் என்று அறியப்படாததே அதற்குப் பாதுகாப்பாக அமைந்தது எனலாம்.

மூலப்பெயரோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். என்.டபிள்யூ.ஏ. தன் மக்களை இழிவுபடுத்திய சொல்லையே பறித்துத் தன் பெயராக்கிக்கொண்டது. அவ்வழியைப் பெங்களூரில் முழுதும் பின்பற்றியிருந்தால் இந்நகரின் இழிசொற்களில் ஒன்று அவ்விடத்தில் நின்றிருக்கும். அதற்கு மாறாக அன்புச்சொல் ஒன்று வைக்கப்பட்டது. பெயரின் சினம் தணிந்தது; பெயர் அனைவருக்கும் உரியதாயிற்று. ஈட்டமும் இழப்பும் இதில் கலந்தே உள்ளன.

இழப்பு எதுவென்பதைக் காணக் கோலாருக்குச் செல்ல வேண்டும். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்குக் கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் கிளைகள் இருந்தன. அவருடைய நூல்களைப் பதிப்பித்துக் காத்ததில் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. சாதிபேதமற்ற தமிழர் என்ற அவருடைய கருத்தாக்கத்திலிருந்தே 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் பெயரைப் பெற்றது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கன்னட நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் காத்த சிந்தனை, நூறாண்டுக்குப்பின் சென்னையில் கானாவும் ராப்பும் பறையும் கலந்த இசைக்குப் பெயராயிற்று. பெங்களூரின் பதிவுகளில் அத்தொடர்ச்சி கேட்கவில்லை.

அக்குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதை வெளிப்படையாகக் கண்டித்தனர். பாடல் உலகெங்கும் சென்றது. பாடலின் சொல்லுக்கு உரியவர் யார் என்பது வழக்காயிற்று.

அதன்பின் அறிவு தம் தொகுப்பு ஒன்றுக்குச் சூட்டிய பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. இதுவும் முறைப்பெயர்தான். ஆனால் யாருடைய பேரன் என்பது பெயரிலேயே கூறப்படுகிறது. 'மச்சாஸ்' எவரையும் உள்ளே அழைக்கும். அதில் எவருடைய வீடு என்று கேட்க இயலாது. 'வள்ளியம்மா பேராண்டி' ஒரு வீட்டை, ஒரு தோட்டத்தை, கூலியாகச் சென்ற ஒரு பெண்ணைச் சுட்டிநிற்கும். இருவகைப் பெயரும் தமிழ் உழைப்பாளரின் பயணத்திலிருந்தே கிடைத்தவை. பெங்களூரு இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர், முன்னதன் பின்னாலும் ஒரு வள்ளியம்மாள் இருந்திருப்பாள் என்பதை மனங்கொண்டு, அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தங்கவயலிலும் தம் தேடலைத் தொடங்குதல் வேண்டும்.