கூப்பர் பிளக்: பருத்த எழுத்தொன்றின் கதை

தலைப்புக்கு எழுத்துருவைத் தெரிவு செய்வது செய்தியின் குரலைத் தெரிவு செய்வதாகும் என்பதைப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்தது. அவ்வகையில் 'கூப்பர் பிளக்' என்னும் ஆங்கில எழுத்துரு சிந்திக்கத்தக்கது.

சிக்காக்கோவில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்துவந்த ஒஸ்வால்ட் கூப்பர் இதனை வடிவமைத்தார். அந்நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அன்ட் ஸ்பின்ட்லர் என்னும் அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. இதன் கோடுகள் பருத்தவை. பிற எழுத்துருக்களிற் கூராக நீளும் முனைப்பாதங்கள் இங்கே உருண்டு மழுங்கியிருக்கும். தொலைவிலிருந்தும் வாசிக்கலாம், ஆயினும் அதட்டுவதில்லை. சிறிய அளவில் எழுத்தின் உள்வெளிகள் அடைபட்டுவிடுமாதலால், செய்தியின் உடற்பகுதிக்கு உதவாது.

1966இல் வெளிவந்த பீச் போய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையிலும், 1995இல் தொடங்கப்பட்ட ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் சின்னத்திலும் இதனைக் காணலாம். கடைப்பலகைக்கும் கொண்டாட்டத்துக்கும் ஏற்ற எழுத்து இது.

மரணச் செய்திக்கு இதனை இட்டால் என்னாகும்? சொற்கள் துயரைக் கூற, எழுத்து புன்னகைக்கும். வாசகர் முதலிற் காண்பது எழுத்தின் முகத்தை; பொருள் அதன் பின்னரே புலப்படும். போர்க்காலத்தில் இழப்புகளுக்குத் தலைப்பிட்ட எம்மைப் போன்றோர்க்கு, எழுத்துருவைத் தெரிவு செய்தல் இறந்தவர்க்குரிய மரியாதையின் பாற்பட்டதாகவே இருந்தது.