மூலக்கூறு அச்சுப் பலபடி மென்படலம்

குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளின் மூலக்கூறு பொருந்துவதற்கான நுண்குழிகளைக் கொண்ட பலபடிப் பூச்சு. வேதி உணரிகளின் மேற்பரப்பில் இடப்படுகிறது. தேடும் மூலக்கூறையே வார்ப்புருவாக வைத்து, அதைச் சுற்றி ஒருபடிகளை இறுகப் பிணைத்து, பின்பு வார்ப்புருவைக் கழுவி எடுத்தால் குழி மிஞ்சும். வேதியியலாளர் பொல்யாகோவ் 1931இல் சிலிக்கா ஜெல்லில் இதன் முன்னோடியைக் கண்டார். கரிமப் பலபடியில் 1972இல் செய்து காட்டியவர் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப்.

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரம் மொத்த மீன் சந்தை போன்ற இடங்களுக்கு இதன் பயன் ஹிஸ்டமினைக் கண்டறிவதில் இருக்கிறது. ஐஸ் குறைந்தால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையிலுள்ள ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றும். அந்த மீனை உண்டால் முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலிக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மூக்கை மட்டும் நம்பியும் கண்டுபிடிக்க முடியாது. கோடெக்ஸ் சர்வதேச உணவுத் தரப்படி வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். மீன் கெடாமலிருக்கச் சேர்ப்பதாகப் பலரும் அஞ்சும் ஃபார்மலின் வேறு கதை: அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் அதற்கு நல்ல குழி அமைவது கடினம். அதற்குக் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் காகிதப் பட்டையே எளிது.

ஹிஸ்டமினுக்கு மெத்தாக்ரிலிக் அமிலம் ஏற்ற ஒருபடி. அதன் அமிலத் தொகுதி ஹிஸ்டமினின் நைட்ரஜன்களைப் பற்றிக்கொள்ளும். தங்க மின்வாய் பூசிய குவார்ட்ஸ் தகட்டில் கரைசலைச் சொட்டி, சுழற்றிப் பரப்பி, இறுக்கி, அசெட்டிக் அமிலம் கலந்த மெத்தனாலில் கழுவுவது ஒரு வழி. 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும் தகட்டின் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர செ.மீ.க்குச் சுமார் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். படலம் தடித்தால் மூலக்கூறு உள்ளே போய் வரத் தாமதமாகும். மெலிதாகப் பூசுவது அதனால்தான்.

அச்சில்லாத படலத்தோடு ஒப்பிடுவது வழக்கமான சோதனை. அது போதாது. ஹிஸ்டிடினுக்கும் ஹிஸ்டமினுக்கும் ஒரு கார்பாக்சில் தொகுதிதான் வித்தியாசம். இரண்டையும் பிரித்தறியாத படலம் மீனுக்கு உதவாது. ரத்தமும் கொழுப்பும் புரதமும் மேற்பரப்பை மூடிவிடும் என்பதால் சதையை அரைத்து, அமிலத்தில் பிரித்து, வடிகட்டியே சொட்ட வேண்டும். சந்தையின் ஈரத்தரையில் நின்று செய்யக்கூடிய வேலையா இது?

இந்தியாவில் வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பீம் பாலி பிரசாத் குழு, பென்சில் கிராஃபைட் மின்வாய்களில் இத்தகைய படலங்களை உருவாக்கியது. ஆயினும் மீனில் ஹிஸ்டமின் அளவை இன்றும் பெரும்பாலும் உறுதிசெய்வது உயர்திறன் திரவ நிறப்பகுப்பு போன்ற ஆய்வக முறைகள்தான்.