காற்றுத் தாங்கி

இரு பரப்புகளுக்கிடையே எண்ணெயோ குண்டுகளோ இல்லாமல், மெல்லிய காற்றுப் படலத்தால் பாரத்தைச் சுமக்கும் அமைப்பு காற்றுத் தாங்கி. பட்டறை வழக்கில் ஏர் பேரிங். காற்றை உயவுப்பொருளாக்கலாம் என்று பிரான்சின் குஸ்தாவ் அடோல்ஃப் இர்ன் 1854-இல் சொன்னார். ஆனால் பெருமை அமெரிக்கரான ஆல்பர்ட் கிங்ஸ்பரிக்கே உரியது: காற்று மட்டுமே தாங்க, உலோகம் உலோகத்தைத் தொடாமல் சுழல்வதை 1897-இல் செய்து காட்டியவர் அவர். பொறியாளர் ரெனால்ட்ஸ் 1886-இல் எண்ணெய்ப் படலத்துக்கு எழுதிய சமன்பாட்டை, காற்று அமுங்கும் என்பதையும் சேர்த்து ஹாரிசன் என்பவர் 1913-இல் விரித்தார். கிங்ஸ்பரியின் வகையில் சுழற்சியே காற்றை இடைவெளிக்குள் இழுக்கிறது. கணினி வன்தட்டின் படிப்புத் தலை மிதப்பதும் இந்த முறையில்தான்.

அளவைக் கருவிகளில் பயன்படுவது மற்றொரு வகை. கம்ப்ரசரிலிருந்து 4 முதல் 6 பார் அழுத்தத்தில் வரும் காற்று, சிறு துளைகள் வழியாகவோ நுண்துளைக் கிராஃபைட் வழியாகவோ வந்து 5 முதல் 10 மைக்ரான் இடைவெளியை நிரப்புகிறது. பாரம் கூடினால் இடைவெளி குறுகும். வெளியேறும் வழி அடைபட, அழுத்தம் ஏறிப் பாரத்தைத் திருப்பித் தள்ளும். உராய்வு இல்லாததே இதன் துல்லியத்துக்குக் காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். காற்றுப் படலம் சிறு மேடுபள்ளங்களைச் சராசரியாக்கிவிடும். நீண்ட வளைவின் மேலோ அப்படியே ஏறி இறங்கும். ஆகவே துல்லியத்தைத் தீர்மானிப்பது அடியிலுள்ள தளம்.

அத்தகைய தளத்துக்கு ஏற்ற கல்வகை, தருமபுரி மாவட்டத்திலும் 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியிலும் வெட்டப்படும் கருப்புக் கிரானைட். வணிகப் பெயர்தான் கிரானைட். பாறை பெரும்பாலும் டாலரைட். எஃகை மட்டமாகச் சாணை பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். எஃகில் அடி பட்டால் பள்ளத்தைச் சுற்றி விளிம்பு மேலெழும். பத்து மைக்ரான் இடைவெளியில் அதுவே தாங்கியைக் கீறிவிடும். கல்லில் பட்ட இடம் உதிர்ந்து குழியாகும், அவ்வளவுதான். துருவும் இல்லை, வெப்பத்தில் விரிவும் எஃகைவிடக் குறைவு. கல் ஈரம் உறிஞ்சுமே என்பது நியாயமான கேள்வி. அடர்ந்த டாலரைட்டில் அது சொற்பம். எண்ணெய்த் தாங்கி பல மடங்கு பாரம் சுமக்கும் என்பதும் சரியே. ஆனால் அளக்கும் எந்திரத்தில் பாரம் குறைவு, தூய்மையே முக்கியம். எண்பது சதுர சென்டிமீட்டர் திண்டு ஒன்று 5 பாரில் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். அளக்கும் எந்திரத்துக்கு அதுவே தாராளம்.

இன்று முப்பரிமாண அளவை எந்திரங்கள், மின்சுற்றுப் பலகைத் துளைப்பான்கள், மதுரை அரோலேப் தயாரிப்பது போன்ற கண்ணுள் வில்லைகளைக் கடையும் வகை எந்திரங்கள் முதலியவற்றில் காற்றுத் தாங்கிகள் பயன்படுகின்றன.