காரைக்காலின் மணல்முகடு

காரைக்கால் பகுதியில் மலை கிடையாது, குன்றுகூடக் கிடையாது. பெரியபுராணம் சொல்லும் காரைக்கால் அம்மையார் கயிலைக்கு ஏறினார், அதுவும் தலையால் நடந்து. அவரை விட்டால் இந்த ஊருக்கும் மலையேற்றத்துக்கும் முடிச்சுப் போட வேறு ஆள் அகப்படாது. ஆனாலும் முகடு ஒன்று உண்டு. வடக்கே நண்டலாற்றிலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை கடலையொட்டி நீளும் மணல்மேடுதான் அது. உயரம் சில மீட்டருக்கு மேல் போகாது. இருந்தும் அதன் உச்சியில் நிற்பவருக்குக் கிழக்கே கடலும் மேற்கே வயலும் ஒருசேரத் தெரியும். டெல்டாவில் தரைமேல் நின்று அப்படிப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

காவிரியின் கிளைகள் கொண்டுவரும் வண்டல் வயலில் படிகிறது; மணலைக் கடல் வாங்கி, அலையாலும் நீரோட்டத்தாலும் கரையில் வரிசையாக ஒதுக்குகிறது. கரை கிழக்கே நகர்ந்தபோது பழைய வரிசை உள்ளே தங்கிவிட, புதியது கடல் பக்கம் எழுந்தது. சில ஆயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் வேலை இது. இரு மேடுகளுக்கு நடுவே பள்ளம், பள்ளத்தில் உப்புத் தண்ணீர். தெற்கே வேதாரண்யத்தில் இந்த மேடுகள் அகன்று விரிகின்றன. கோடியக்கரைக் காட்டின் மிக உயர்ந்த இடமான ராமர் பாதமும் ஒரு மணல்மேடே. உயரம் ஏறத்தாழ 4 மீட்டர்.

கடலோர ஊர்ப்பெயர்களைத் தொடர்ந்து படித்தால் மேட்டின் படமே கிடைத்துவிடும்: கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு. கோட்டுச்சேரி உள்ளே வயல் நடுவில், கோட்டுச்சேரிமேடு கடலோரத்தில். உழவர் ஊர் ஒன்று, அதன் பெயரைச் சுமந்த மீனவர் ஊர் மற்றொன்று என்ற இந்த இரட்டை அமைப்பு காசாக்குடிக்கும் பொருந்தும். மேட்டில் குடியேறக் காரணம் மீன் மட்டுமல்ல. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் பறித்தாலே குடிக்கும் தண்ணீர் ஊறும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் கரிக்கும்.

நடப்பவருக்கும் மேடுதான் வசதி. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் களிமண் முழங்கால் வரை இழுக்கும், வரப்பு வழுக்கும். மணல் அப்படியல்ல, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் நீரைக் குடித்துவிட்டு நடக்க விடும். ஆனால் மேட்டில் தடம் என்று ஒன்று நிலைப்பதில்லை. நேற்றைய காலடியைக் காற்று இன்று மூடிவிடுகிறது. ஒவ்வொரு கூட்டமும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அலை நனைத்த ஈரமணலில் கால் புதையாது, ஆனால் கரைச்சரிவு ஒரு காலை உயர்த்தி ஒரு காலைத் தாழ்த்தும். அதற்கு மேலே அடப்பங்கொடி படர்ந்த இடம் நடக்க நல்லது. இராவணன் மீசை மண்டிய இடத்தில் வெறுங்காலை வைத்தவர் மறுபடி வைக்க மாட்டார். உச்சியில் பனையும் தாழையும்; நிழல் வேண்டுமென்றால் தாழைமுள்ளையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மையான தடை ஆற்றுவாய். நண்டலாறு, நாட்டாறு, அரசலாறு, திருமலைராயனாறு என்று வரிசையாகக் குறுக்கே ஆறுகள். கோடையில் ஆறு மெலியும்போது கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். கால் நனையாமல் கடக்கலாம். மேலே தண்ணீர் திறந்ததும் அடைப்பு உடையும். பிறகு கட்டுமரக்காரரின் தயவு வேண்டும், இல்லையென்றால் மேற்கே சுற்றிப் பாலம் தேட வேண்டும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அந்தத் தண்ணீருக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது. வழக்கமான திறப்பு ஜூன் 12. கடைமடைக்கு வந்துசேரப் பின்னும் பல நாள் ஆகும். ஆறுகளைக் கால் நனையாமல் தாண்டி மேட்டில் நெடுக நடக்கும் பருவம் அதோடு முடியும்.

இந்தக் கரையில் முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் ஒரே காலத்தில் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. 1620இல் தரங்கம்பாடியில் டென்மார்க்காரர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர், 1781இல் அவர்களை அகற்றிய ஆங்கிலேயர். நடுவே 1739இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நீடித்தது. வண்டிப்பாதையும் பின்னர் வந்த நெடுஞ்சாலையும் மேட்டை விட்டு மேற்கே, ஆறுகளைப் பாலம் போட்டுத் தாண்டக்கூடிய இடமாகப் பார்த்து அமைந்தன. 1898இல் வந்த ரயிலும் கரையோரமாக ஓடாமல் பேரளத்திலிருந்து கிழக்கே வந்தது. சக்கரம் உள்ளே போக, மேடு காலுக்கு மிஞ்சியது.

திருமலைராயன்பட்டினத்தில் மேட்டுக்கு ஒரு கதையும் ஒரு திருவிழாவும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவைக்கு வந்த காளமேகப் புலவருக்கு அங்கே ஆசனம் கொடுக்கவில்லையாம். எமகண்டம் என்னும் கவிப்போட்டியில் பாடி வென்றும் மரியாதை கிடைக்காததால் ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று அறம் பாடிவிட்டுப் போனார் என்பார்கள். கொண்டல் காற்று மேட்டு மணலைக் கிளப்பி வீட்டு முற்றத்தில் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை நம்புவது கடினமாக இருந்திருக்காது. புலவரின் கோபம் இல்லாவிட்டாலும் மணல் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

திருவிழா மாசி மகம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். மீனவர் தலைவனின் மகள் பத்மினியைப் பெருமாள் மணந்தார் என்பது தலவரலாறு; அதனால் கடற்கரை அவருக்கு மாமனார் வீடு. பட்டினச்சேரி மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று உரிமையோடு கூப்பிட்டுத் தோள் கொடுக்கிறார்கள். வேறு நாளில் வேறு யாரும் பெருமாளை அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது. சுற்றுவட்டாரக் கோயில்களின் மூர்த்திகளும் வந்து சேர, மணலில் பந்தல்கள் நிற்கும். கோயில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரை புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில். மாப்பிள்ளை ஆண்டுதோறும் மாநில எல்லை தாண்டித்தான் மாமனார் வீட்டுக்கு வருகிறார்.

வாஞ்சூரைத் தாண்டி வெட்டாற்றைக் கடந்தால் நாகூர். அங்கே சாகுல் ஹமீது ஆண்டகை தியானம் செய்த இடமாகப் போற்றப்படும் சில்லடியும் கடலோர மணலில்தான் இருக்கிறது. இன்னும் தெற்கே வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் காவி உடையில், சிறு சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, புதுச்சேரிப் பக்கமிருந்து காரைக்கால் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டங்கள் செல்கின்றன. அது ஆறுகளில் தண்ணீர் ஓடும் காலம். ஆகவே அவர்கள் மேட்டை நாடாமல் தார்ச்சாலையிலேயே நடக்கிறார்கள். மணல் அவர்களுக்குக் கடைசியில்தான் வாய்க்கிறது. பேராலயத்திலிருந்து மாதா குளம் வரையுள்ள மணற்பாதையைப் பலர் முழந்தாளிட்டே கடப்பார்கள். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் பெயர் நடுத்திட்டு. அதுவும் ஒரு மேடுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகச் சோழமண்டலக் கரையில் பரவிய சவுக்கு, மேட்டின் தோற்றத்தையே மாற்றியது. நடப்பவருக்கு முதன்முறையாக முள்ளில்லாத நிழல் கிடைத்தது, பார்வை மட்டும் மறைந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த மேட்டு ஊர்களில்தான் முதலில் மோதியது. மணல்மேடு உயரமாகவும் உடையாமலும் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. ஆற்றுவாய்களும் மணல் அள்ளிய பள்ளங்களும் தண்ணீருக்கு வாசலாயின. அதன்பின் பல குடும்பங்கள் மேட்டைவிட்டு மேற்கே கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு மாறின. வலையும் படகும் கரையிலேயே இருந்ததால், மேற்கிலிருந்து விடியலில் கடலுக்கு நடப்பது புது வழக்கமாயிற்று.

இன்று மேட்டை முழுக்க நடந்து முடிக்க வழியில்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கருங்கல் சுவர்கள் நீண்டதால் படகுகளுக்கு வழி கிடைத்தது. கோடையில் குறுக்கே நடந்தவர்கள் பாலத்துக்குச் சுற்றிப் போகிறார்கள். தெற்கே கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகத்தின் மதில் வந்ததும், நடப்பவர் மேற்கே திரும்பி நெடுஞ்சாலை ஏறி, நாகூர் எல்லையில்தான் மறுபடி கடற்கரைக்கு இறங்க முடியும்.